ஊசிக்கு முதல் மரியாதை: பழைய இசைத்தட்டு நன்றாகப் பாட 20 குறிப்புகள்

மும்பை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம் இடிபடப் போகிறது என்றால், அதற்கு முந்தைய வாரம் பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவின் தராசில் என்னென்னவோ ஏறும். பைண்டு செய்த வாரப்பத்திரிகைத் தொடர்கதைகள், பித்தளை அடுக்கு, ஓடாத சுவர்க்கடிகாரம், கூடவே சணல் கயிறு கட்டிய ஒரு கட்டு இசைத்தட்டு. என்னிடம் உள்ள தட்டுகளில் பாதிக்கு மேல் அப்படித் தராசில் ஏறும் முன் நான் கேட்டு வாங்கியவை. கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "போட்டா கரகரன்னு கேக்கறது, அதான் தூக்கிப் போடறோம்."

கரகரப்புக்குத் தட்டு காரணமாக இருப்பது குறைவு. ஊசி தேய்ந்திருக்கும், ஊசியைத் தாங்கும் கை பாரமாக அழுத்தும், வரிகளில் நாற்பது வருட அழுக்கு இருக்கும். மூன்றையும் சரி செய்ய லட்ச ரூபாய் மெஷின் வேண்டாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலுமாக இருபது வருடம் நான் செய்து பார்த்து, பலன் கிடைத்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

1. கையில் பணம் இருந்தால் முதல் செலவு ஊசிக்கு. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், வயர் எல்லாம் பிறகு. தட்டைத் தொடுகிற ஒரே பொருள் ஊசிதான். அது விட்டதை வேறு எதுவும் திருப்பித் தராது. வைர ஊசி 500 முதல் 1000 மணி நேரம் வரை உழைக்கும். தினம் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய பெட்டி பிளேயர்களில் வந்த சஃபையர் ஊசிக்கு அந்த ஆயுளில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அப்பா காலத்து பிளேயரில் அப்பா காலத்து ஊசியே இருக்கிறது என்றால், அதை வைத்து இன்னொரு தட்டு போடாதீர்கள். தேய்ந்த ஊசி உளியாக மாறிவிடும். அது செதுக்கிய வரி பிறகு எந்த ஊசிக்கும் சரியாகப் பாடாது.

2. ஊசி தேய்ந்ததைக் காதே சொல்லும். பாடகர் 'ச', 'ஸ' சொல்லும் இடத்தில் சீறல் வருகிறதா, தட்டின் உள்பக்கத்தில் வரும் கடைசிப் பாட்டு மட்டும் கிழிகிறதா என்று கவனியுங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸில் ஊசியின் தண்டு வளைந்திருப்பது தெரியும், நுனியில் பஞ்சு சுற்றியிருப்பது தெரியும், தேய்மானம் தெரியாது. அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். ஒரு முறை மலிவாகக் கிடைக்கிறதே என்று பிராண்டு பெயர் போட்ட ஊசி ஒன்று வாங்கினேன். பெட்டியும் எழுத்தும் அசல் போலவே இருந்தன. முதல் தட்டிலேயே வயலின் தகரமாக ஒலித்தது. அதிலிருந்து, நியாயமான விலைக்குப் பாதியில் யாராவது கொடுத்தால் வாங்குவதில்லை.

3. உங்கள் பிளேயரில் இருப்பது எந்த வகை கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டியிருக்கும் சிறு பெட்டி) என்று தெரிந்துகொள்ளுங்கள். எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டி பிளேயரிலும், இப்போது பரிசாகக் கொடுக்கிற சூட்கேஸ் பிளேயரிலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது தட்டின் மேல் ஐந்து கிராம், அதற்கும் மேலே அழுத்தும். காந்த கார்ட்ரிட்ஜ் பலவற்றுக்கு இரண்டு கிராம் போதும். நினைவுக்காக ஃபியஸ்டாவைத் துடைத்து வையுங்கள், பண்டிகையன்று ஒரு தட்டு போடுங்கள். தினம் கேட்பதற்குக் காந்த கார்ட்ரிட்ஜும், எடையைக் கூட்டிக் குறைக்கிற கையும் உள்ள எளிய டர்ன்டேபிள் ஒன்று தேவை. செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை.

4. எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஊசி எடை பார்க்கிற சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கார்ட்ரிட்ஜோடு வந்த காகிதத்தில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அதையே வையுங்கள். ஆடியோ டெக்னிகா ஏ.டி. 3600 எல் என்ற மலிவான கார்ட்ரிட்ஜ் 3.5 கிராம் கேட்கும். அதே கம்பெனியின் வி.எம். 95 இ இரண்டு கிராமில் நிற்கும். இரண்டுக்கும் ஒரே எடை வைத்தால் ஒன்று கெடும்.

எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குறைந்த எடையில் ஊசி வரியின் இரு சுவர்களுக்கு நடுவே துள்ளும். துள்ளும் ஊசிதான் சுவரைப் பெயர்க்கும். அதிகம் என்றால் அழுத்தித் தேய்க்கும். சொன்ன அளவில் வைப்பதே ஊசிக்கும் தட்டுக்கும் க்ஷேமம்.

தட்டு தாவுகிறது என்று கையின் தலையில் காசு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. ஒரு ரூபாய்க் காசு ஏறக்குறைய நாலு கிராம். இரண்டு கிராம் கேட்கிற ஊசி மேல் ஆறு கிராம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

5. கார்ட்ரிட்ஜ் கோணலாக இருந்தால் உள்வரிகள் கிழியும். தட்டின் ஓரத்தில் வரி ஊசிக்குக் கீழே நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது அதில் பாதிகூட இல்லை. அதே பாட்டை அங்கே பாதி இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அதனால் சின்னக் கோணலும் அங்கேதான் முதலில் கேட்கும். இதற்கான புரோட்ராக்டர் படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது "பேஜுக்கு ஃபிட் பண்ணாதீங்க, நூறு பெர்சன்ட்" என்று சொல்லி எடுத்து, வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் அந்தக் காகிதம் பயனற்றது. கார்ட்ரிட்ஜின் இரண்டு திருகையும் லேசாகத் தளர்த்தி, இரண்டு புள்ளிகளிலும் கோட்டுக்கு நேராக உட்காரும் வரை நகர்த்துங்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் வெளிச்சத்தில், காபிக்குப் பிறகு செய்யுங்கள்.

6. ரசமட்டம் ஒன்று வாங்கி, சுழலும் மேடையின் மேல் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பாருங்கள். மும்பையின் பழைய வீட்டுத் தரை எதுவும் மட்டமாக இருக்காது. சாய்ந்த மேடையில் கை ஒரு பக்கம் சரியும். ஒரு காதில் சத்தம் கூடும். காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தாலே போதும்.

7. வேகத்தைச் சோதியுங்கள். கர்நாடக சங்கீதம் கேட்கிற வீட்டில் இது எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் எண்ணம். மேடை ஆறு சதவீதம் வேகமாகச் சுற்றினால் ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக்கு ஏறிவிடுவார். குரல் மெலியும், காலப்பிரமாணம் ஓடும், அவருடைய சாரீரம் நாம் சபாவில் கேட்டது போல இருக்காது. "ரெக்கார்டிங் சரியில்லை" என்று தட்டைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

கருவி எதுவும் இல்லாமல் சோதிக்க ஒரு வழி. எல்.பி.யின் வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அதாவது மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று. மேடையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, தட்டின் மேல் ஊசியையும் இறக்கிவிட்டு (ஊசியின் இழுப்பும் கணக்கில் வர வேண்டும்) போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டி எண்ணத் தொடங்குங்கள். நூறாவது சுற்று 180-ஆவது விநாடியில் முடிய வேண்டும். ஒரு விநாடி முன்னே பின்னே இருந்தால் அரை சதவீதத் தவறு. பெரும்பாலான காதுக்குத் தெரியாது. ஐந்து விநாடி என்றால் சுருதிப் பெட்டியோடு கேட்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஸ்ட்ரோப் வட்டம் அச்சிட்டும் பார்க்கலாம். நம் ஊர் மின்சாரம் 50 சுழற்சி. அதற்கான வட்டத்தில் 33⅓-க்கு 180 கோடுகள் இருக்கும். குண்டு பல்பு அல்லது சோக் வைத்த பழைய டியூப் லைட்டின் கீழே வைத்தால் கோடுகள் நகராமல் நிற்கும். இப்போதைய எல்.ஈ.டி. பல்புகள் பலவற்றில் இந்த மினுக்கல் இல்லை. அவற்றின் கீழே வைத்து ஏமாறாதீர்கள். சிறிய டி.சி. மோட்டார் உள்ள டர்ன்டேபிள்களில் அடிப்பக்கமோ மோட்டாரின் பின்னாலோ ஒரு துளை இருக்கும். வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவரை அதில் விட்டுக் கடுகளவு திருப்பினால் வேகம் மாறும்.

8. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை அனுப்பிய டர்ன்டேபிளா? 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் மட்டும் போதாது. அங்கே மின்சாரம் 60 சுழற்சி. மின்சாரத்தின் சுழற்சியைப் பின்பற்றி ஓடுகிற சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள மெஷின் என்றால் இங்கே நிமிடத்துக்கு 28 சுற்றைக்கூட எட்டாது. ஐந்து கட்டை மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். சில மாடல்களுக்கு 50 சுழற்சிக்கான தனிப் புல்லி கிடைக்கும். மெக்கானிக்கிடம் அதைக் கேளுங்கள். டி.சி. மோட்டார் மெஷினுக்கு இந்தக் கவலை இல்லை.

9. பெல்ட் தளர்ந்தால் சுருதி அலையும். வீணையின் நீண்ட கார்வையில் இது பளிச்சென்று கேட்கும். மேடையைத் தூக்கி பெல்ட்டை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள், புல்லியையும் துடையுங்கள். அப்படியும் அலைந்தால் புதிய பெல்ட். பழையதைத் தரையில் தட்டையாக வைத்து, நூலால் சுற்றளவு அளந்து, அதைவிடக் கொஞ்சம் சிறியதாகக் கேளுங்கள், ஏனென்றால் பழையது ஏற்கெனவே நீண்டிருக்கும். கேரார்டு போன்ற பழைய மெஷின்களில் பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் சக்கரம் இருக்கும். அதன் விளிம்பு கண்ணாடி போல் பளபளத்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் இரண்டு சுற்று தேய்த்து, துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

10. நடு அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, வருடத்துக்கு ஒரு முறை. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது சில மாதத்தில் பிசினாகி மேடையைப் பிடித்துக்கொள்ளும்.

11. தாராவியில் ஒரு தோல் விரிப்பு வெட்டி வாங்குங்கள். மெஷினோடு வருகிற ஃபெல்ட் துணி தட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், பஞ்சு உதிர்க்கும். தோல் அப்படிச் செய்யாது; தட்டின் அதிர்வையும் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் பதனிடும் தொழிலைத் தாராவியில் வேரூன்றச் செய்தவர்கள். பதனிடுவது இப்போது பெரும்பாலும் வெளியூருக்குப் போய்விட்டாலும், பை, பெல்ட், ஜாக்கெட் செய்கிற பட்டறைகள் இன்றும் அங்கே வரிசையாக இருக்கின்றன. சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டுக் கடைகளின் பின்னால் நுழைந்து, கழிவுத் துண்டில் 29 சென்டிமீட்டர் வட்டம், இரண்டு மில்லிமீட்டர் கனம், நடுவில் ஏழு மில்லிமீட்டர் துளை என்று சொன்னால் அச்சு வைத்து அழகாக வெட்டிக் கொடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம். சுருக்கமும் மேடு பள்ளமும் இல்லாத துண்டாகப் பார்த்து வாங்குங்கள். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும்.

ஒன்று கவனிக்க வேண்டும்: பழைய விரிப்பைவிடத் தோல் கனமாக இருந்தால் தட்டு உயரும், கையின் பின்பக்கம் தாழ்ந்ததுபோல் ஆகிவிடும். கை தட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

12. ரயில் அதிர்வுக்குக் கடப்பா கல்லும் சைக்கிள் டியூபும். மாட்டுங்காவின் ஒரு பக்கம் சென்ட்ரல் லைன், மறு பக்கம் வெஸ்டர்ன், கூடவே கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன். ஃபாஸ்ட் லோக்கல் போகும்போது எங்கள் பழைய வீட்டில் டம்ளர் தண்ணீர் நடுங்கும். அந்த நடுக்கம் ஊசிக்கும் போகிறது. சோதித்துப் பாருங்கள்: மேடையைச் சுழல விடாமல், நின்ற தட்டின் மேல் ஊசியை இறக்கி, வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி, மேசையை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'தொம்' என்று கேட்டால், நீங்கள் நடப்பதும் கதவு சாத்துவதும் பாட்டோடு கலந்துதான் வந்துகொண்டிருக்கிறது.

சமையல் மேடைக்குக் கல் போடுகிற கடையில் ஒன்றரை அடிக்கு ஒன்றே கால் அடி, ஒரு இஞ்சு கனத்தில் கடப்பா கல் துண்டு கேளுங்கள். மிச்சம் விழுந்த துண்டாகவே கிடைக்கும். பதினோரு கிலோவுக்குக் குறையாது. குழந்தை சைக்கிளின் சின்ன டியூபை மேசையில் வைத்து, அமுக்கினால் அமுங்குகிற அளவுக்கு மட்டும் காற்றடித்து, அதன் மேல் கல், கல்லின் மேல் டர்ன்டேபிள். கனத்த கல்லும் மெத்தென்ற காற்றும் சேர்ந்து அதிர்வை நடுவழியிலேயே நிறுத்தும். மாதம் ஒரு முறை காற்றையும் ரசமட்டத்தையும் பாருங்கள். மரத்தரை அல்லது மெஸனைன் போட்ட வீடு என்றால் இதைவிடச் சுவரில் அடித்த பலகை நல்லது. காலடி அதிர்வு சுவருக்குக் குறைவாகத்தான் போகும்.

டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில் வைக்காதீர்கள். இது எந்தச் செலவும் இல்லாத திருத்தம். நான் போன வீடுகளில் முக்கால்வாசி இதைத்தான் தவறாக வைத்திருந்தார்கள்.

13. 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் முதலில் பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் தனியாகத் தொங்கும் மெல்லிய வயரைத் தேடுங்கள். அது ஆம்ப்ளிஃபையரின் பின்னால் எர்த் திருகில் இருக்க வேண்டும். அப்புறம் மொபைல் சார்ஜர், வைஃபை பெட்டி, இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் கார்ட்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபையர் இரண்டும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். கடற்காற்றில் வயர் முனைகளில் களிம்பு பிடிக்கும். கான்டாக்ட் கிளீனர் தெளித்து இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் காணாமல்போன ஒரு பக்கச் சத்தம் திரும்பி வந்துவிடும்.

14. காந்த கார்ட்ரிட்ஜ் தருகிற மின்னழுத்தம் மிகச் சிறியது. மூன்று நான்கு மில்லிவோல்ட். தவிர, தட்டில் வெட்டும்போதே கீழ் ஸ்தாயியைக் குறைத்து மேல் ஸ்தாயியைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். அதை நேராக்கித் தருவதுதான் ஃபோனோ பிரீஆம்ப்ளிஃபையரின் வேலை. டர்ன்டேபிளை நேரே கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலோ ஆக்ஸ் துளையிலோ சொருகினால் தவில் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பழைய ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 'ஃபோனோ' என்று எழுதியிருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் லாமிங்டன் ரோட்டில் என்.இ. 5532 ஐ.சி. போட்ட போர்டு மலிவாகக் கிடைக்கும். அதை ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, அதற்கான டிரான்ஸ்ஃபார்மரை ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

15. மோனோ தட்டை மோனோவாகக் கேளுங்கள். இரைச்சலை இந்த அளவுக்குக் குறைக்கிற இலவச வழி வேறு இல்லை. எச்.எம்.வி.யின் பழைய கர்நாடக எல்.பி.க்களில் நிறைய மோனோ. தட்டு எண் ஈ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. மோனோ தட்டில் பாட்டு முழுவதும் ஊசியின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேலும் கீழும் ஆடுவதையும் படிக்கும். மோனோ தட்டில் அந்த ஆட்டம் முழுக்க தூசியும் மோட்டார் உறுமலும்தான். ஆம்ப்ளிஃபையரில் 'மோனோ' பொத்தானை அமுக்கினால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். 1963-இல் வெளிவந்த எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் எத்தனையோ வீடுகளில் தேயத் தேய ஓடியது. அப்படித் தேய்ந்த ஒரு தட்டை இந்தப் பொத்தானை அமுக்கிக் கேட்டுப் பாருங்கள். மழை ஓய்ந்து குரல் மட்டும் நிற்கும்.

16. தட்டைக் கழுவுங்கள். ஆம், தண்ணீரில். பிரஷால் மேலாகத் துடைப்பது அன்றாடத் தூசிக்கு. வரிக்குள் இறுகிய எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சையும் தண்ணீருக்குத்தான் இளகும்.

மெடிக்கல் ஷாப்பில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புத் தங்கும். ஒரு லிட்டருக்கு நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. லேபிள் நனையக் கூடாது. அந்த அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியை அதன் மேல் கவிழ்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மென்மையான பெயின்ட் பிரஷால் வரியின் போக்கிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே போகாதீர்கள். ஒரு நிமிடம் ஊறவிட்டு, சோப்பில்லாத டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். சமையலறைச் சுவரில் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு இருக்கிறதல்லவா, அதன் கம்பியில் ஒரு துணியைச் சுற்றி இசைத்தட்டுகளை நிறுத்தி வைத்தால் நன்றாகக் காயும். ஃபேன் வேண்டாம், அது திரும்பவும் தூசியைக் கொண்டுவந்து போடும்.

கழுவிய தட்டை முதல் முறை போடும்போது ஊசி நுனியில் சாம்பல் நிறத்தில் அழுக்கு திரளும். பயப்பட வேண்டாம், வரிக்குள் இருந்தது வெளியே வருகிறது. ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும், உலர்ந்த மெல்லிய பிரஷால் துடையுங்கள். பக்கவாட்டில் துடைத்தால் தண்டு முறியும். விரலால் தொடவே கூடாது.

17. 78 வேகத் தட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். அது வினைல் அல்ல, அரக்கு கலந்தது. தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மரத்துக்கு மெருகு போடுகிறார். அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் பாட்டும் சேர்ந்து கரையும். அதன் வரியும் எல்.பி. வரியைப்போல மூன்று நான்கு மடங்கு அகலம். எல்.பி. ஊசி அதன் அடியில் கிடக்கும் குப்பையில் புரளும். 78-க்கென்று தனி ஊசி போட்டுக் கேளுங்கள். நம் நாட்டில் 1960-கள் வரை வந்துகொண்டிருந்த தட்டுகள் அவை, அதற்குத் தகுதியானவை.

18. ஜூன் வருவதற்குள் தட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மும்பை மழை நான்கு மாதம். சுவரே வேர்க்கிற ஊரில் காகித உறை பஞ்சு போல ஈரத்தை உறிஞ்சும். வெள்ளைப் புள்ளியாகத் தொடங்கும் பூஞ்சை செப்டம்பருக்குள் தட்டு முழுக்கப் படர்ந்துவிடும். உள்ளுறையை மாற்றிப் பாலித்தீன் உறை போடுங்கள். பழைய உறையைத் தூக்கி எறியாமல் அட்டைக்குள்ளேயே பின்னால் வையுங்கள்; அதுவும் சரித்திரம். பி.வி.சி. உறை கூடாது, நாளாக நாளாகத் தட்டில் மங்கலாக ஒட்டும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம், நாலு விரல் தள்ளி இருக்கட்டும். தட்டுகளை நிமிர்த்தி நிறுத்துங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புதுப் பையிலும் ஷூ பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து மாதம் ஒரு முறை மாற்றிப் போடலாம். தோல் பட்டறையில் கேட்டால் ஒரு பிடி கொடுப்பார்கள். மழை நாளிலும் வாரம் இரண்டு தட்டையாவது எடுத்துப் போடுங்கள். கையில் புழங்குகிற தட்டில் பூஞ்சை பிடிப்பதை நான் பார்த்ததில்லை.

19. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குப் பெரிய ஸ்பீக்கர் தேவையில்லை. இருப்பதைச் சரியாக வையுங்கள். மூலையில் திணித்தால் மிருதங்கத்தின் தொப்பி வீங்கி, வலந்தலையின் நாதத்தை விழுங்கிவிடும். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில், இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் முக்கோணமாக. டைல்ஸ் தரையில் ஒரு பவானி ஜமக்காளம் விரித்தாலே எதிரொலி அடங்கும். எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. தகர பீரோவின் கதவு சில ஸ்வரங்களுக்கு மட்டும் ரீங்காரமிடும். அது பாட்டில் உள்ள குறை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கதவின் உள்பக்கம் மடித்த போர்வையைத் தொங்கவிட்ட அன்று அந்தச் சத்தம் போனது.

20. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதே இரண்டு மூன்று தட்டுகளைப் போட்டுக் கேளுங்கள். ஒரே நாளில் ஐந்து மாற்றம் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. எனக்கு முதல் பரீட்சை 1962-இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தின் 'சிங்கார வேலனே'. எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் இடத்தில் ஊசி தடுமாறாமல் போனால் எடையும் கோணமும் சரி. நாகஸ்வரத்தைப்போல ஊசியைச் சோதிக்கிற வாத்தியம் வேறு கிடையாது. இரண்டாவது, பாலக்காடு மணி ஐயர் வாசித்த எந்தக் கச்சேரித் தட்டும்: தொப்பியில் விழுகிற அடி ஒவ்வொன்றும் தனியாக, வட்டமாகக் கேட்க வேண்டும். மூன்றாவது, பாலசந்தர் வீணை. ஒரே மீட்டில் இழுக்கிற நீண்ட கமகம் ஆடாமல் நின்றால் பெல்ட்டும் வேகமும் சரி.

காதுக்கு அளவுகோல் வேண்டுமென்றால் மாதம் ஒரு முறை ஷண்முகானந்தா அரங்கிலோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலோ ஒரு கச்சேரிக்குப் போய், முன்வரிசை கிடைத்தால் அங்கே உட்காருங்கள். தம்பூரா எப்படி ஒலிக்கிறது என்பதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்று இரவே ஒரு தட்டைப் போடுங்கள். தம்பூரா பாட்டுக்குப் பின்னால் எங்கேயோ முணுமுணுப்பாக இருக்கிறது என்றால் ஐந்தாவது குறிப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.